பல் பேசும், சீட்டு எங்கே?

விழுப்புரம் ஜங்ஷனுக்கு அடிக்கடி போகிறவர்கள் அந்த நோட்டீஸ்களைப் பார்த்திருப்பீர்கள். "அடையாளம் தெரியாத ஆண் சடலம், வயது சுமார் 45, மாநிறம், கட்டம் போட்ட கைலி, வலது முழங்கைக்குக் கீழ் பழைய தழும்பு" என்கிற மாதிரி நாலு வரி, கீழே ஒரு போட்டோ, ஒரு போன் நம்பர். பெரும்பாலானவர்கள் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் நின்று படிக்கிற ஆள்.

சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, அப்புறம் புதுச்சேரி என்று ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிற ஊர் விழுப்புரம். இங்கே இறந்து கிடக்கிற ஆள் எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம். திண்டிவனமும் அப்படித்தான். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை, புதுச்சேரி ரோடு, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகிற ரோடு, மரக்காணம் ரோடு எல்லாம் அங்கே கூடுகின்றன. ராத்திரி லாரியில் அடிபட்ட ஒருவர் திண்டிவனத்துக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்த நோட்டீஸ்களில் சட்டை உண்டு, கைலி உண்டு, மச்சம் உண்டு, பச்சை குத்தியது உண்டு. பல் மட்டும் அநேகமாக இருக்காது. இருந்தாலும் "முன்பல் இரண்டு இல்லை" என்பதோடு சரி. ஆனால் நாள் ஆக ஆக முகம் போய்விடும், மச்சம் போய்விடும், விரல் ரேகையும் போய்விடும். கடைசிவரை நிற்பது பல்தான். இது ஏன் இப்படி என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை.

முதலில் பல்லைப் பற்றி. பல்லின் மேல்பூச்சான எனாமல்தான் நம் உடம்பிலேயே கெட்டியான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்பு. அழுகுவதற்கு அதில் சதையும் இல்லை, ரத்தமும் இல்லை. மண்ணுக்குள் எத்தனையோ ஆண்டு கிடந்தாலும் தாங்கும். தீயிலும் அப்படித்தான். முன்பற்கள் சீக்கிரம் கருகி நொறுங்கும். கடைவாய்ப்பற்களைக் கன்னமும் நாக்கும் மூடிக் காப்பதால் அவை பல நேரம் தப்பிவிடும். பல்லுக்கு உள்ளே இருக்கிற கூழ்ப்பகுதியிலிருந்து டி.என்.ஏ.கூட எடுக்க முடியும்.

கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது, ஆளுக்கு ஆள் வேறுபட வேண்டும். வளர்ந்த மனிதருக்கு 32 பல். ஒவ்வொரு பல்லுக்கும் ஐந்து முகம் என்று கணக்கு வைத்தால் 160. ஒவ்வொன்றும் நல்லபடியாகவோ, சொத்தையாகவோ, அடைத்ததாகவோ இருக்கலாம். பல்லே இல்லாமலும் போயிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால் வேரின் வளைவு, அடைத்த சிமெண்டின் ஓரம், ரூட் கேனால் பண்ணிய தடம் என்று இன்னும் சேரும். ஒரே ஒரு அடைப்பின் ஓரம் எக்ஸ்ரேயில் அச்சு மாறாமல் பொருந்தியதை வைத்தே ஆளை உறுதிசெய்வது உண்டு.

பல்லுக்கு நம்பர் போடும் முறை உலகம் முழுக்கப் புழங்குவது. வாயை நான்காகப் பிரித்து, மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. நடுவிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே போக வேண்டும். 36 என்றால் கீழ் இடதுபுறம் ஆறாவது பல், அதாவது முதல் கடைவாய்ப்பல். ஆறு வயசில் முளைத்துவிடுவதால் நம்ம ஊரில் முதலில் சொத்தையாகிற பற்களில் அதுவும் ஒன்று.

ஒப்பிடுவதில் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. உயிரோடு இருந்தபோது எழுதிய சீட்டில் 36 பிடுங்கப்பட்டது என்று இருந்து, சடலத்தில் 36 இருந்தால் அது அவர் இல்லை. வேறு நூறு விஷயம் பொருந்தினாலும் இல்லை. பிடுங்கிய பல் திரும்ப முளைக்காது. மாறாக, சீட்டில் 36 இருக்கிறது, சடலத்தில் இல்லை என்றால் பரவாயில்லை, இடையில் பிடுங்கியிருக்கலாம். விளக்கம் சொல்ல முடிகிற வித்தியாசம் வேறு, சொல்ல முடியாத வித்தியாசம் வேறு. இவ்வளவு எளிமையான தர்க்கத்தின் மேல்தான் இந்தத் துறையே நிற்கிறது.

ஒரு விஷயத்தை இங்கேயே பிரித்து வைத்துவிடுகிறேன். பல்லால் துப்புத் துலக்குவது என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது கடித்த தடம். 2012 டிசம்பர் 16 டெல்லி பேருந்து வழக்கில் அது பேசப்பட்டது. அந்தப் பெண்ணின் உடம்பில் இருந்த கடித்த தடங்களின் போட்டோக்களையும், பிடிபட்டவர்களின் பல் அச்சுகளையும் கர்நாடகத்தில் தார்வாடில் இருக்கிற எஸ்.டி.எம். பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். டாக்டர் ஆஷித் ஆச்சார்யா ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு பேருடைய பற்களோடு பொருந்துவதாக அறிக்கை கொடுத்தார். 2017 மே 5 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அந்த அறிக்கை இடம்பெற்றது. ஆனால் அந்த வழக்கு அதை மட்டும் நம்பி நிற்கவில்லை. மரண வாக்குமூலம், டி.என்.ஏ., நண்பரின் சாட்சி என்று சுற்றிலும் நிறைய இருந்தது.

கடித்த தடம் மட்டும் தனியாக நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ரே குரோன் கதை. அரிசோனாவில் நடந்த ஒரு கொலைக்கு, கோணல் பல் பொருந்துகிறது என்று 1992-ல் குற்றவாளி ஆக்கப்பட்டவர். மரண தண்டனையும் விதித்தார்கள். 2002-ல் டி.என்.ஏ. சோதனை வேறொருவரைக் காட்டியது, வெளியே வந்தார். தோல் என்பது மெழுகு இல்லை; இழுபடும், வீங்கும், நிறம் மாறும். 2009-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கையே இந்த முறைக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று சொல்லிவிட்டது. என் கணக்கில் இது வேறு சமாச்சாரம். தோலில் பதிந்த தடத்தைப் பல்லோடு பொருத்துவது ஊகத்துக்கு இடம் கொடுக்கிறது. பல்லைப் பல்லின் எக்ஸ்ரேயோடு பொருத்துவது அப்படி இல்லை. இரண்டையும் ஒரே பெயரில் சொல்லி, முதலாவதின் கெட்ட பெயரை இரண்டாவதுக்கும் ஒட்டிவிடுகிறார்கள்.

இனி இரண்டாவது மட்டும்.

1897 மே 4, பாரீஸில் தர்ம காரியத்துக்காகப் பணக்காரப் பெண்கள் நடத்திய ஒரு கண்காட்சியில் தீப்பிடித்தது. இறந்தவர்கள் 120-க்கும் மேல், பெரும்பாலும் பெண்கள். நகையையும் துணி மிச்சத்தையும் வைத்துப் பலரைக் கண்டுபிடித்தார்கள். சிலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அதில் ஒருவர் ஆஸ்திரிய மகாராணியின் தங்கை. அப்போது பராகுவே நாட்டுத் தூதர்தான் பல் டாக்டர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாமே என்று யோசனை சொன்னார். டாக்டர்கள் தங்கள் நோட்டுப் புத்தகங்களோடு வந்தார்கள். எந்தப் பல்லில் தங்கம் அடைத்தோம், எதைப் பிடுங்கினோம் என்று பார்த்து ஆட்களைச் சொன்னார்கள். கியூபாவில் பிறந்து பாரீஸில் இருந்த ஆஸ்கார் அமோயதோ இதைப் பார்த்து அடுத்த வருஷமே ஒரு புத்தகம் எழுதினார். தடயவியல் பல் மருத்துவத்தின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பல்லைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த நோட்டுப் புத்தகம்தான் முக்கியமாகப் படுகிறது. அது இல்லாமல் அந்தப் பற்கள் வெறும் பற்கள்.

நமக்கு இது உறைத்திருக்க வேண்டிய நாள் 2004 டிசம்பர் 26. ஒரே கடல், ஒரே காலை. தாய்லாந்தில் ஐயாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள், பாதிக்குப் பாதி அளவில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள். வெயிலில் இரண்டு மூன்று நாளிலேயே முகம் பார்த்துச் சொல்ல முடியாத நிலை. பல நாடுகளிலிருந்து குழுக்கள் வந்து இறங்கின. இன்டர்போல் முறையில் இரண்டு படிவம் உண்டு. காணாமல் போனவரைப் பற்றிக் குடும்பமும் டாக்டரும் தருகிற விவரத்துக்கு மஞ்சள், சடலத்தில் பார்த்ததை எழுதுவதற்கு இளஞ்சிவப்பு. ஸ்வீடனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பல் டாக்டர்கள் அனுப்பிய எக்ஸ்ரேக்கள் மஞ்சள் பக்கத்தில் சேர்ந்தன. தொடக்க மாதங்களில் அடையாளம் காணப்பட்ட வெளிநாட்டினரில் பெரும்பாலோரைச் சொன்னது பல்தான். டி.என்.ஏ. பின்னால்தான் வந்தது. தாய்லாந்துக்காரர்கள் விஷயத்தில் பல் அந்த அளவுக்கு உதவவில்லை. பல்லில் குறை ஒன்றும் இல்லை, மஞ்சள் படிவத்தில் எழுத எதுவும் கிடைக்கவில்லை.

அதே அலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோனது. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பக்கத்துக் கடற்கரையிலும் சாவு விழுந்தது. நாகையில் பல இடங்களில் பெரிய குழி வெட்டி ஒன்றாகப் புதைத்தார்கள். தொற்றுநோய் வந்துவிடும் என்கிற பயம் அதற்கு ஒரு காரணம். இயற்கைப் பேரழிவில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் யார் கேட்பார்கள்? அந்த வாரம் அங்கே வேலை செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பற்களைக் குறித்து வைத்திருந்தாலும் எதோடு பொருத்தியிருப்பார்கள்? மீனவக் குப்பத்தில் எத்தனை பேருடைய பல் எக்ஸ்ரே எந்த ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்தது?

பெயர் இல்லாமல் புதைத்தால் என்ன, செத்தவருக்கு அதனால் என்ன நஷ்டம் என்று ஒரு நண்பர் கேட்டார். நஷ்டம் இருப்பவருக்கு. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் வாரிசுச் சான்றிதழ் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, விதவை உதவித்தொகை இல்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சாட்சியச் சட்டம் ஏழு வருஷம் கேட்கிறது. திண்டிவனம் ரோட்டில் அடிபட்டவர் இங்கே அடையாளம் தெரியாத சடலமாக அடக்கம் ஆகியிருப்பார். அரியலூர் பக்கம் அவர் மனைவி ஏழு வருஷம் பொட்டு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருப்பார்.

சரி, நம்ம பக்கத்து நிலவரம் என்ன? பல் டாக்டர்களுக்குப் பஞ்சம் இல்லை. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-லிருந்து இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து வடக்கே மேல்மருவத்தூரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி, தெற்கே சிதம்பரத்தில் ஒன்று, புதுச்சேரியில் வேறு இருக்கிறது. முண்டியம்பாக்கத்தில் 2010-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி. பிரேதப் பரிசோதனை அங்கேயே நடக்கிறது. ஆள் இருக்கிறார்கள், கருவி இருக்கிறது.

இல்லாதது சீட்டு. எனக்கு மூன்று பல் அடைத்திருக்கிறது, ஒரு ரூட் கேனால், மேலே ஒரு கேப். மூன்று வெவ்வேறு கிளினிக். ஒன்றில்தான் கார்டு போட்டார்கள். அதிலும் '36' என்று எழுதவில்லை, 'கீழ் கடைவாய்' என்று மட்டும். எக்ஸ்ரேயை ஒரு சின்னக் கவரில் போட்டு என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். வீடு மாறும்போது அது எங்கே போனதோ. இது எந்த ஒரு டாக்டரையும் குற்றம் சொல்வதற்காக இல்லை. உள்நோயாளிகளின் பதிவுகளைக்கூட மூன்று வருஷம் வைத்தால் போதும் என்பதுதான் மருத்துவ கவுன்சிலின் 2002 விதி. வந்து பல்லைப் பிடுங்கிக்கொண்டு போகிறவரின் சீட்டை யார் வைப்பார்கள்? நம்மில் பலர் பல் டாக்டரிடம் போவதே பிடுங்கத்தானே. வலிக்கிற வரை கிராம்பு, அப்புறம் கட்டிங் பிளேயர்தான்!

சீட்டு இல்லாத இடத்தில் பல்லையே சீட்டாக்குகிற வேலை ஒன்றும் நடக்கிறது. அது வயசு பார்ப்பது. பிறந்த தேதிக்குச் சான்று இல்லாதவர் போலீசிடம் சிக்கினாலோ, போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு 18 ஆகிவிட்டதா என்று கேள்வி வந்தாலோ, கடைசியில் எலும்பு எக்ஸ்ரேக்கும் பல் எக்ஸ்ரேக்கும்தான் போவார்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவு வரிசையைத் தெளிவாகவே சொல்கிறது. முதலில் பள்ளிச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி தருகிற பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால் மட்டும் மருத்துவச் சோதனை.

ஆறில் முதல் கடைவாய்ப்பல், பன்னிரண்டில் இரண்டாவது. அதுவரை பல் நல்ல கடிகாரம். பதினெட்டைச் சுற்றி இருப்பது ஞானப்பல் ஒன்றுதான். அது ஒருவருக்கு 17-ல் வரும், இன்னொருவருக்கு 25-ல், சிலருக்கு வரவே வராது. அதனால் முளைத்ததா என்று பார்ப்பதைவிட, எக்ஸ்ரேயில் வேரின் நுனி மூடிவிட்டதா என்று பார்க்கிறார்கள். அதிலும் இரண்டு பக்கமும் வருஷக் கணக்கில் பிசகு வரும். எக்ஸ்ரேயால் வயசு சொன்னால் இரண்டு வருஷம் முன்பின் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே ஜெயமாலா வழக்கில் சொல்லியிருக்கிறது. பதினேழரைக்கும் பதினெட்டரைக்கும் நடுவில்தான் ஒருவர் சீர்திருத்த இல்லத்துக்குப் போவதா ஜெயிலுக்குப் போவதா என்பதே இருக்கிறது. அந்த இடத்தில்தான் இந்தக் கடிகாரம் மங்குகிறது.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இது யாரை அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிறப்புப் பதிவு, பள்ளிச் சான்று எதுவும் கையில் இல்லாத குடும்பங்கள் இருளர்களில் உண்டு. சாதிச் சான்றிதழ் வாங்கவே அவர்கள் படுகிற பாட்டைத் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் வருஷக்கணக்காகப் பேசிவருகிறார்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராகப் போகிற வீட்டுப் பையனுக்கு வயசைச் சொல்வது ஞானப்பல்லின் வேர் நுனிதான் என்றால், குற்றம் பல்லின் மேல் இல்லை.

திரும்ப அடையாளத்துக்கு வருகிறேன். சீட்டும் எக்ஸ்ரேயும் இல்லாதவருக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. போட்டோ. நம் எலும்புக்கூட்டில் உயிரோடு இருக்கும்போதே வெளியே தெரிகிற பாகம் பல் மட்டும்தான். (பல் எலும்பு இல்லை என்று மருத்துவர்கள் சண்டைக்கு வரக்கூடாது.) மண்டையோட்டின் மேல் போட்டோவைப் பொருத்திப் பார்க்கிற முறையில் தமிழ்நாடு தடயவியல் துறைக்குப் பெயர் உண்டு. அதன் இயக்குநராக இருந்த பேராசிரியர் பி. சந்திரசேகரன் அதில் கை தேர்ந்தவர். ஆட்டோ சங்கர் வழக்கில் தோண்டி எடுத்த உடல்களை அடையாளம் காண அந்த முறை பயன்பட்டது. சிரிக்கிற போட்டோவாக இருந்தால் வேலை இன்னும் சுலபம். முன்பல்லின் இடைவெளி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய பல், முனை உடைந்த பல், தெற்றுப்பல் எல்லாம் நேரடியாகத் தெரியும். இப்போது செல்ஃபியை வைத்தே பல்லை ஒப்பிடுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அரசாங்கம் நம்மை எடுக்கிற போட்டோ எல்லாம் வாயை மூடித்தான். ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், எதிலும் பல் தெரியாது. காணாமல் போனவர் என்று ஸ்டேஷனுக்குப் போகிற குடும்பம் கையில் எடுத்துக்கொண்டு போவதும் அந்த போட்டோவைத்தான். பல் தெரிகிற போட்டோ கல்யாண ஆல்பத்தில் இருக்கும், காதுகுத்து விழாவில் எடுத்ததில் இருக்கும், பேரன் போனில் இருக்கும். அதை யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் கொடுப்பதில்லை.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. அடையாளம் தெரியாத சடலத்துக்குப் பிரேதப் பரிசோதனை செய்யும்போது உதட்டை விலக்கி முன்னாலிருந்தும் இரண்டு பக்கமிருந்தும் மூன்று போட்டோ, மேல் தாடையையும் கீழ் தாடையையும் தனித்தனியாக ஒவ்வொன்று. எந்தப் பல் இல்லை, எது அடைத்தது, எதில் கேப் என்று 32 கட்டம் போட்ட ஒரு தாளில் குறிப்பது. பழகிய கைக்கு இதெல்லாம் அதிக நேரம் பிடிக்காது. டி.என்.ஏ.வுக்கு ரத்த உறவு வந்து நின்றால்தான் ஒப்பிட முடியும். இந்தத் தாள் கோப்பில் காத்திருக்கும். இன்னொரு பக்கம், காணாமல் போனவர் புகாரை எழுதும்போது இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும். பல் தெரிய சிரிக்கிற போட்டோ இருக்கா? எந்த ஊரில், எந்தப் பல் டாக்டரிடம் காட்டினார்?

இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்த குடும்பம் குறைவு. அப்பா எந்த டாக்டரிடம் பல் கட்டினார் என்று நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். மூன்று பேருக்குத் தெரியவில்லை. நாலாவது ஆள், விழுப்புரத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், "பல் செட்டுக்குள்ளேயே அப்பா பேரை எழுதச் சொல்லி வாங்கினோம் சார், ஆஸ்பத்திரியில மாறிப் போயிடக் கூடாதுன்னு" என்றார். சில நாடுகளில் பல் செட்டுக்குள் பெயரோ நம்பரோ பதிப்பதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். அவர் அது எதையும் படித்தவர் இல்லை. பிங்க் பிளாஸ்டிக்குக்குள் தெரியும்படி மூன்று தமிழ் எழுத்து, இனிஷியலோடு.